ஆய்வாளருக்கு அரசியல் இருக்கலாம். ஆய்வில் ஒளிவுமறைவு இருக்கலாகாது

மலேசிய இந்தியக் குடும்பம் ஒன்று 2019ஆம் ஆண்டில் மாதம் எவ்வளவு வருமானம் ஈட்டியது? புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமான ஆய்வில் இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. சராசரி வருமானம் 8,216 வெள்ளி. இடைநிலை வருமானம் 5,981 வெள்ளி. இரண்டும் ஒரே ஆய்வில், ஒரே குடும்பங்களிடம் திரட்டப்பட்டவை. இரண்டுமே உண்மை.

மொத்த வருமானத்தைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சராசரி. சில மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வணிகர்களும் பெரிய தொகை ஈட்டினால் அது மேலே ஏறிவிடும். குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடைநிலை. அதாவது, பாதி இந்தியக் குடும்பங்கள் 5,981 வெள்ளிக்கும் குறைவாகவே பெற்றன.

பினாங்கு லிட்டில் இந்தியா பகுதியில் ஒரு மண்டபத்தில் சமுதாயக் கூட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 8,216ஐச் சொல்லி, "இந்தியர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள், தனி ஒதுக்கீடு எதற்கு?" என்று கேட்கலாம். அடுத்தவர் 5,981ஐச் சொல்லி, "பாதிப் பேர் இதற்குக் கீழே இருக்கிறார்கள்" என்று வாதிடலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த எண்ணை எடுத்தார்கள் என்பதிலேயே அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

சமூக அறிவியல் ஆய்வு பற்றிய பழைய கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆய்வாளர் அரசியல் சார்பு இல்லாமல் இருக்க முடியுமா? சார்புள்ளவர் என்று தெரிந்தால் அவருடைய ஆய்வைத் தள்ளிவிடலாமா? 2020ஆம் ஆண்டில் நாட்டின் குடிமக்களில் 6.7 விழுக்காடாக இருந்த ஒரு சமுதாயத்திற்கு, பள்ளி மானியம் முதல் தொழில் கடனுதவி வரை பலவும் இத்தகைய எண்களைக் காட்டியே கேட்கப்படுகின்றன. ஆகவே இது பேராசிரியர்கள் மட்டும் பேசித் தீர்க்கவேண்டிய விவகாரமன்று.

ஆய்வறையும் அரசியல் மேடையும்

பினாங்கில் ஆய்வறைக்கும் அரசியல் மேடைக்கும் இடையே தூரம் எப்போதும் குறைவு. 1969ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநில ஆட்சியைப் பிடித்த கெராக்கான் கட்சிக்கு அதற்கு முந்தைய ஆண்டில் நிறுவனத் தலைவராக இருந்தவர் சமூகவியலாளர் சைட் ஹுசேன் அலாத்தாஸ். 1990 முதல் 2008 வரை முதல்வராக இருந்த கோ சூ கூன், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த சந்திரா முசாஃபர் 1977இல் அலிரான் இயக்கத்தைத் தொடங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1987இல் 'ஓப்பராசி லாலாங்' நடவடிக்கையின்போது தடுத்துவைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 2008 முதல் 2023 வரை இரண்டாம் துணை முதல்வராக இருந்த பி. இராமசாமி, அதற்கு முன் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைப் பேராசிரியர்; தோட்டத் தொழிலாளர்களையும் தொழிற்சங்கங்களையும் பற்றி நூல் எழுதியவர்.

இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தால், அதைப் படிக்கும் முன்பே "இவர் அந்தக் கட்சிக்காரர்" என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்தப் பழக்கம் எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு முதல் சாட்சி அலாத்தாஸ்தான்.

சோம்பேறி, சாது: இரண்டு பட்டங்கள்

அலாத்தாஸ் சில ஆண்டுகளிலேயே கெராக்கானை விட்டு விலகினார். ஆனால் அரசியலை விடவில்லை. சிங்கப்பூரில் மலாய் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தபோது, 1977இல், 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்று பொருள்படும் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோ மக்கள் ஆகியோரைப் பற்றி 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர்கள் எழுதிவைத்தவற்றை அவர் வரிசையாக ஆராய்ந்தார்.

அவர் கண்டது இதுதான். மலாய்க்காரர் தம் வயலில் உழைத்தார். கடலில் மீன் பிடித்தார். வெள்ளைக்காரரின் தோட்டத்திலும் சுரங்கத்திலும், அவர்கள் சொன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கூலிவேலை செய்ய மட்டும் மறுத்தார். அந்த மறுப்புக்குக் காலனித்துவ எழுத்தாளர்கள் வைத்த பெயர் 'சோம்பல்'. நிர்வாகி, பயணி, அறிஞர் என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுத, நாளடைவில் அது ஆராய்ந்து கண்ட உண்மை போலவே ஆகிவிட்டது.

தமிழர்களுக்குக் கிடைத்த பட்டம் வேறு. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் அழைத்துவரப்பட்டது தொடங்கி, தமிழ்த் தொழிலாளி 'சாது', 'அடங்கி நடப்பவன்', 'எளிதில் மேய்க்கக்கூடியவன்' என்றே தோட்ட முதலாளிகளின் குறிப்புகளில் இடம்பெற்றான். அவன் ஒப்பந்தத்தாலும் கடனாலும் கட்டுண்டவன் என்பதும், எதிர்த்துப் பேசினால் போக்கிடம் இல்லாதவன் என்பதும் அந்த வருணனையில் இல்லை. நிலைமையால் வந்த அடக்கத்தை இனத்தின் இயல்பு என்று எழுதிவைத்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்தச் 'சாது'த் தமிழர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆங்கில அரசு படையை அனுப்பி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியான பின்னரே அது அடங்கியது.

காலனித்துவ அறிஞர்கள் தங்களுக்கு அரசியல் உண்டு என்று ஒருபோதும் சொன்னதில்லை. கண்டதை எழுதியதாகவே சொன்னார்கள். அலாத்தாஸ் வெளிப்படையான அரசியல்வாதி. ஆயினும் சான்றுகளைச் சோதித்தவர் அவர்தான். அதுமட்டுமன்று, அவருடைய முடிவு எந்த அணிக்கும் இனிக்கவில்லை. அம்னோ இளைஞர் பகுதி 1971இல் வெளியிட்ட 'ரெவோலூசி மெந்தால்' நூலும் அதே காலனித்துவக் கருத்தைத்தான் மலாய்க்காரர் மீது சுமத்துகிறது என்று அவர் அதே நூலில் விமர்சித்தார்.

ஒரு குடும்பத்திற்கு என்ன தேவை?

சார்பு ஒளிந்துகொள்வதற்கு வருணனையைவிட வசதியான இடம் அளவுகோல்.

1920களில் மலாயாவின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு 'நிலையான கூலி' நிர்ணயிக்கப்பட்டது. அரிசி, பருப்பு, துணி என்று ஒரு தொழிலாளியின் மாதத் தேவைகளைப் பட்டியலிட்டு, அதிலிருந்து நாள்கூலி கணக்கிடப்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. பார்ப்பதற்கு வெறும் கணக்கு. ஆனால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு போதும் என்பதைத் தீர்மானித்தவர்கள் அந்தக் கூலியில் வாழவேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள்.

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் 2019ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐக்கிய நாடுகள் சபையின் கடும் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மலேசியாவுக்கு வந்தார். நாட்டில் வறுமை 0.4 விழுக்காடுதான் என்பது அப்போதைய அதிகாரப்பூர்வ நிலை. வறுமைக் கோடு ஒரு குடும்பத்திற்கு மாதம் 980 வெள்ளி. நான்கு பேர் கொண்ட குடும்பமென்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 வெள்ளி. இந்த வருமானத்தில் நகரத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழும் என்று ஆல்ஸ்டன் கேட்டார். அரசாங்கத் தரப்பு முதலில் அவருடைய கருத்தை ஏற்கவில்லை.

2020 ஜூலையில் வறுமைக் கோடு திருத்தப்பட்டது. சத்தான உணவுக்கும் இன்றைய வாழ்க்கைக்குத் தேவையான மற்றச் செலவுகளுக்கும் இடம் தந்த புதிய கணக்கின்படி அது 2,208 வெள்ளி. 2019ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு ஆனது. ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கை 405,441. பழைய கோட்டின்படி 2016இல் இந்த எண்ணிக்கை சுமார் 25 ஆயிரம்தான்.

ஒரே இரவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஏழைகளாகிவிடவில்லை. அவர்கள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள். பழைய அளவுகோல் அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே. தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் இழந்து, பட்டணத்துக் குறைந்த விலை அடுக்ககங்களில் குடியேறிய பல தமிழ்க் குடும்பங்கள் நீண்ட காலம் இப்படித்தான் கணக்கிற்கு வெளியே நின்றன. மாதம் 1,200 வெள்ளி வருமானத்தில் பட்டர்வொர்த்திலோ பிறையிலோ ஆறு பேரைக் காப்பாற்றும் தாய், அரசாங்க ஏட்டின் பழைய பொதுக் கோட்டில் ஏழையாகக் கருதப்படவில்லை.

980 என்பதும் 2,208 என்பதும் இயற்கையில் கிடைக்கும் எண்கள் அல்ல. ஒரு மலேசியக் குடும்பம் எப்படி வாழ்ந்தால் போதும் என்ற எண்ணம் இரண்டிலும் உள்ளது. அறநோக்கு கலக்காத வறுமைக் கோடு எந்த நாட்டிலும் கிடையாது. அந்த நோக்கு எது, அதற்கு எந்தப் பட்டியலைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பதை வெளியே வைத்தார்களா என்பதே கேள்வி. வெளியே வைத்ததால்தான் 980 வெள்ளியை ஒருவரால் கேள்வி கேட்க முடிந்தது. அதைத் திருத்தவும் முடிந்தது.

2006: பதவி விலகலில் முடிந்த விவாதம்

அளவுகோல் பற்றிய கேள்விக்கு எல்லா நேரமும் இப்படி நல்ல முடிவு கிடைத்ததில்லை.

புதிய பொருளாதாரக் கொள்கை 1971இல் தொடங்கியபோது, நிறுவனப் பங்குடைமையில் பூமிபுத்ராக்களின் பங்கு 30 விழுக்காட்டை எட்டவேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் அது 18.9 விழுக்காடுதான் என்று ஒன்பதாவது மலேசியத் திட்டம் கூறியது. இந்தியர்களின் பங்கு 1.2 விழுக்காடு என்றும் அதே திட்டம் குறிப்பிட்டது.

ஆசிய வியூக, தலைமைத்துவக் கழகத்தின் கீழ் இயங்கிய பொதுக்கொள்கை ஆய்வு மையம் வேறொரு கணக்கைச் சொன்னது. அதன் இயக்குநர் லிம் தெக் கீ, மலாயாவின் குடியானவர் பொருளாதார வரலாற்றை எழுதிய அறிஞர். மையத்தின் மதிப்பீட்டின்படி பூமிபுத்ரா பங்கு 45 விழுக்காட்டை எட்டியிருந்தது. அது உண்மையென்றால் இலக்கு எப்போதோ நிறைவேறிவிட்டது; கொள்கையைத் தொடர்வதற்கான அடிப்படையே ஆட்டம் காணும். 2006 அக்டோபரில் விவகாரம் பெரிதாக வெடித்தது.

இரண்டு கணக்குகளும் எங்கே வேறுபட்டன? அரசாங்கம் பங்கின் முகமதிப்பை எடுத்தது. ஒரு வெள்ளி முகமதிப்புள்ள பங்கு சந்தையில் பத்து வெள்ளிக்கு விற்றாலும் அந்தக் கணக்கில் அது ஒரு வெள்ளிதான். ஆய்வு மையம் சந்தை மதிப்பை எடுத்தது. அரசாங்கம் பதிவுபெற்ற நிறுவனங்கள் அனைத்தையும் பரவலாகக் கணக்கில் கொண்டது. மையம் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களை மட்டும் பார்த்தது. அரசு சார்ந்த நிறுவனங்களின் உடைமையில் 70 விழுக்காட்டைப் பூமிபுத்ரா பங்காக மையம் சேர்த்தது. அரசாங்கம் அவ்வாறு சேர்க்கவில்லை.

இவற்றில் ஒவ்வொன்றைப் பற்றியும் நேர்மையாக வாதிடலாம். முகமதிப்பு இன்றைய செல்வத்தைக் காட்டாது என்பது நியாயமான வாதம். பெரிய நிறுவனங்களை மட்டும் வைத்து நாட்டையே அளக்கக்கூடாது என்பதும் நியாயமான வாதம். அரசு சார்ந்த நிறுவனம் எல்லாக் குடிமக்களுக்கும் உரியதா, ஓர் இனத்தின் கணக்கில் வரவேண்டியதா என்பது கணிதத்தால் தீராத அரசியல் கேள்வி.

அந்த விவாதம் நடக்கவேண்டிய முறையில் நடக்கவில்லை. கழகத்தின் தலைவர் மிர்சான் மகாதீர், ஆய்வின் அனுமானங்களில் குறை இருப்பதாகக் கூறி அறிக்கையை மீட்டுக்கொண்டார். மையத்தின் ஆய்வில் தமக்கு நம்பிக்கை இருப்பதாகக் கூறி லிம் தெக் கீ பதவி விலகினார். ஆயினும் ஒரு பயன் விளைந்தது. அரசாங்கமும் தன் கணக்கீட்டு முறையைப் பொதுவில் விளக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. அதுவரை அந்த 18.9 எப்படி வந்தது என்று பொதுமக்களில் கேட்டவர்கள் குறைவு.

இதில் இந்தியச் சமுதாயத்திற்கும் ஒரு பாடம் உண்டு. 1.2 விழுக்காடு என்ற எண் ஆண்டுக்கணக்கில் மேடைதோறும் முழங்கப்பட்டது. அதுவும் அதே முகமதிப்புக் கணக்கிலிருந்து வந்ததுதான். பூமிபுத்ரா எண்ணைச் சந்தேகித்தவர்கள், அதே ஏட்டில் அடுத்த வரியில் இருந்த இந்தியர் எண்ணைச் சந்தேகிக்கவில்லை. மனத்திற்குப் பிடித்த எண்ணை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. இந்தியரின் பங்கு குறைவு என்பதில் ஐயமில்லை. எவ்வளவு குறைவு, அதில் தோட்டத்து வழிவந்த தமிழருக்கு என்ன கிடைத்தது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவருக்கு என்ன நேர்ந்தது?

சார்பான ஆய்வு தவறாகப் போனால், எதிர்ச் சார்புள்ள மற்றோர் ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அறிவுத்துறை திருந்துவது இப்படித்தான். அதற்கு எதிர்க்கேள்வி கேட்பவர் பத்திரமாக இருக்கவேண்டும்.

1974இன் இறுதியில் கெடா மாநிலம் பாலிங்கில் ரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய சிறுதோட்டக்காரர்கள் கிளர்ந்தெழுந்தனர். கோலாலம்பூரில் மாணவர்கள் ஆதரவு ஆர்ப்பாட்டம் நடத்தினர். அந்த டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதானவர்களில் ஒருவர் மலாயாப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் சைட் ஹுசின் அலி. மலாய்க் கிராமங்களின் வறுமையையும் நில உடைமையையும் நேரில் சென்று ஆராய்ந்தவர் அவர். விசாரணையின்றி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தடுப்புக்காவலில் இருந்தார்.

அவர் இடதுசாரி என்பது ஊரறிந்த செய்தி. அந்தச் சார்பு இருந்ததால்தான் நிலமற்ற குடியானவரைத் தேடிப் போனார் என்றும் சொல்லலாம். ஆனால் அவர் கண்ட வறுமை இல்லை என்று நிறுவ, இன்னோர் ஆய்வாளர் அதே கிராமத்திற்குப் போயிருக்கவேண்டும். ஆய்வாளரைக் கமுண்டிங்கிற்கு அனுப்பியதால் எந்தப் புள்ளிவிவரமும் மெய்யாகவோ பொய்யாகவோ ஆகிவிடவில்லை.

1971இல் இயற்றப்பட்ட பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் 1975இல் கடுமையாக்கப்பட்டது. மாணவர்களும் விரிவுரையாளர்களும் அரசியலில் ஈடுபடுவதற்கு அது கதவைச் சாத்தியது. பின்னர் வந்த திருத்தங்களால் மாணவர்களுக்கான தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் வளாகத்திற்குள் கட்சி அரசியல் நடவடிக்கைகளுக்கும் வழிவிட்டது. இராமசாமியின் பணி ஒப்பந்தம் 2005இல் நீட்டிக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகளில் அவர் பத்து காவான் நாடாளுமன்ற உறுப்பினராகவும் துணை முதல்வராகவும் ஆனார். பல்கலைக்கழகத்திற்குள் அரசியல் கூடாது என்று சொன்ன ஏற்பாடு, ஆளுங்கட்சி சார்பைச் சார்பாகவே கருதியதில்லை. 'நடுநிலை' என்ற சொல்லுக்கு நடைமுறையில் 'மௌனம்' என்ற பொருளே இருந்தது.

வேபரும் மிர்டாலும் சொன்னது

இந்த வழக்கு மலேசியாவில் பிறந்ததன்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில், விரிவுரை மேடை கட்சிப் பிரசாரத்திற்கு உரிய இடமன்று என்றார். எதிர்த்துப் பேச முடியாத மாணவர்கள்மீது பேராசிரியர் தம் அரசியலைத் திணிக்கக்கூடாது என்பது அவர் கவலை. ஆனால் எதை ஆராய்வது என்ற தேர்விலேயே ஆய்வாளரின் மதிப்பீடுகள் இடம்பெறுகின்றன என்பதையும் 1904ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அவரே பின்னர் ஒரு கட்சிக்காகத் தேர்தல் மேடை ஏறியவர்.

சுவீடனின் குன்னார் மிர்டால் ஒரு படி மேலே சென்றார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் நிலையை ஆராய 1930களின் இறுதியில் கார்னெகி நிறுவனம் அவரை அழைத்தது. உள்நாட்டு இனப்பூசலில் சிக்காத வெளிநாட்டவர் என்பதே காரணம். 1944இல் அந்தப் பெருநூல் வெளிவந்தது. மதிப்பீடுகளை முழுவதுமாக விலக்க முடியாது. எனவே எந்த மதிப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன் என்பதை முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடவேண்டும், வாசகர் அதைக் கழித்துக்கொண்டு படிக்கட்டும் என்பதே அவருடைய நிலைப்பாடு. அவர் சமூக ஜனநாயகக் கட்சியின் அமைச்சராகவும் இருந்தவர். 1974இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பெற்றபோது, அதை அவருடன் பகிர்ந்துகொண்டவர் அவருக்கு நேரெதிரான அரசியல் நோக்குடைய பிரெடரிக் ஹாயெக்.

மிர்டால் சொன்ன முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. "என் சார்பைச் சொல்லிவிட்டேன்" என்று அறிவித்துவிட்டு, பிடிக்காத தரவை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே சார்பை ஒப்புக்கொள்வது மட்டும் போதாது. தன் கட்சிக்குப் பாதகமான எண்ணையும் அதே அறிக்கையில் அச்சிடும் துணிவும் வேண்டும். தரவையும் முறையையும் எதிரியின் கையில் கொடுத்து, "நீயே கூட்டிப் பார்" என்று சொல்லக்கூடிய நிலையும் வேண்டும். ஆய்வில் புறநிலை என்பது ஆய்வாளரின் மனம் எவ்வளவு தூய்மையானது என்பதைப் பொறுத்ததன்று. மற்றவர் சோதிக்கக் கதவு திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இன்று கேட்கவேண்டியவை

பினாங்கு மாநில அரசுக்குக் கொள்கை ஆய்வு செய்யும் நிறுவனம் ஒன்று உண்டு. 1997இல் சமூகப் பொருளாதார, சுற்றுச்சூழல் ஆய்வுக் கழகமாகத் தொடங்கி, 2011இல் பினாங்கு இன்ஸ்டிடியூட் என்று பெயர் மாறியது. தேசிய முன்னணி ஆட்சியில் பிறந்து, பக்காத்தான் ஆட்சியில் வளர்ந்தது. அரசாங்கப் பணத்தில் இயங்குகிறது என்பதற்காக அதன் ஆய்வுகளைத் தள்ளவும் வேண்டாம். ஆய்வு நிறுவனம் என்பதற்காக அப்படியே விழுங்கவும் வேண்டாம். அரசு சாரா இயக்கங்கள், கட்சிகள், சமுதாய அமைப்புகள் வெளியிடும் அறிக்கைகளுக்கும் இதே விதிதான்.

2025 ஜூலையில் 13ஆவது மலேசியத் திட்டம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. 2030 வரையிலான ஒதுக்கீடுகளுக்கு அதுவே அடித்தளம். ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் 'மித்ரா' நிதி போதுமா, தமிழ்ப்பள்ளி மானியம் போதுமா என்ற விவாதம் திரும்பத் திரும்ப எழும். இரு தரப்பும் எண்களோடுதான் வரும்.

அப்போது சமுதாயம் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. இது சராசரியா, இடைநிலையா? 'இந்தியர்' என்ற ஒரே பெட்டியில் யார் யாரைச் சேர்த்திருக்கிறார்கள்? நகரத்து நிபுணரும் முன்னாள் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே வரியில் நிற்கிறார்களா? எந்த ஆண்டின் கணக்கு? கோடு எங்கே போடப்பட்டது, யார் போட்டது? ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? அடிப்படைத் தரவை மற்றவர் பார்க்க முடியுமா?

மேலே சொன்ன வருமானக் கணக்கையே இந்தக் கேள்விகளோடு மீண்டும் பார்க்கலாம். 2019இல் பூமிபுத்ரா குடும்பங்களின் சராசரி 7,093 வெள்ளி, இடைநிலை 5,420 வெள்ளி. சீனக் குடும்பங்களின் சராசரி 9,895, இடைநிலை 7,391. எந்த அளவில் பார்த்தாலும் இந்தியர் நடுவில் நிற்கிறார்கள். "எல்லாரையும்விட இந்தியர்தான் கீழே" என்று மேடையில் முழங்குபவருக்கு இது கசக்கும். ஆனால் சராசரி இடைநிலையைவிட எத்தனை விழுக்காடு அதிகம் என்று வகுத்துப் பார்த்தால், பூமிபுத்ராவுக்குச் சுமார் 31, சீனருக்கு 34, இந்தியருக்கு 37. மூன்று பிரிவுகளில், மேலே உள்ளவருக்கும் நடுவில் உள்ளவருக்கும் இடையிலான விரிசல் இந்தியரிடையேதான் அதிகம் என்பதற்கு இது ஓர் அறிகுறி. "இந்தியர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்பவருக்கு இது கசக்கும்.

இரண்டு தரப்புக்கும் கசக்கும் இந்த உண்மையிலிருந்து பயனுள்ள ஒரு கேள்வி பிறக்கிறது. உதவி 'இந்தியர்' என்ற பெயருக்குப் போய்ச் சேர்ந்தால் போதுமா, அந்த நடுக்கோட்டிற்குக் கீழே நிற்கும் குடும்பத்தின் வாசலுக்குப் போய்ச் சேரவேண்டுமா? இதற்கு விடை சொல்பவர் எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கலாம். தம் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் வைக்கிறாரா என்பதை மட்டும் சமுதாயம் கவனித்தால் போதும்.